கல்மண்டபத் தெருவைக் கழற்றியவள்

கல்மண்டபத் தெருவில் சண்முகவடிவின் வீடு காணாமல் போவதற்கு முன்னால் அந்தத் தெரு முழுவதும் ஒரு பழைய லேப்டாப்புக்குள் வந்து சேர்ந்திருந்தது. அது லேப்டாப்புக்குள் வருவதற்கு முன்னால் நகராட்சியின் பொக்லைன் வந்தது. பொக்லைன் வருவதற்கு முன்னால் மழை வந்தது. மழைக்கு முன்னால் அந்தத் தெருவில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்களா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்ல ஆளில்லை.

தெரு மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் ஓடிய சாக்கடையை அவரவர் வீட்டு முன்னால் அவரவர் கல் போட்டு மூடி, கல்லின் மேல் வாசற்படி கட்டி, படியை ஒட்டி பைக் நிறுத்தத் தகரம் இறக்கி, தகரத்துக்குக் கம்பிக் கதவும் வைத்துக்கொண்டதால், ஐப்பசி மழை கொட்டியபோது போக வழியில்லாத தண்ணீரெல்லாம் தாழ்ந்த முனையில் இருந்த வடிவின் வீட்டுக்குள் போய்ப் பிள்ளையின் தொட்டிலுக்கு அடியில் நின்றது. அவள் வீடு வீடாகப் போய்க் கல்லைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிக் கேட்டாள். வீடு வீடாக அவளை அனுசரித்துப் போகச் சொன்னார்கள். அடுத்த மழையிலும் தண்ணீர் வந்தது. அவள் நகராட்சியில் புகார் கொடுத்தாள், பொக்லைன் வந்தது, கல்லும் படியும் தகரமும் கம்பிக் கதவும் ஒரே காலையில் குப்பையாகக் குவிந்தன, அன்றிலிருந்து அந்தத் தெருவில் வடிவோடு யாரும் பேசவில்லை. பால்காரர் அவள் வீட்டுக்குக் கடைசியாக, மிச்சமிருந்தால் மட்டும் ஊற்றினார். அவள் கோலம் போட்ட இடத்தில் வண்டியைத் திருப்பினார்கள். அவள் புருஷன் ஆவுடையப்பன் சலூனுக்குப் போனால் நாற்காலி காலியாக இருக்கும்போதே ஆள் இருக்கிறது என்றார்கள்.

பொக்லைன் இடித்தவற்றில் தங்கபுஷ்பத்தின் கடை முகப்பும் ஒன்று. கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவள் தொழில். முகப்பில் இருந்த கண்ணாடிப் பெட்டி, அதற்குள் இருந்த மாப்பிள்ளை பெண் படங்கள், விளக்கு எரியும் பெயர்ப்பலகை எல்லாம் போயின. ஷட்டர் வளைந்து, எவ்வளவு இழுத்தாலும் தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலேயே நின்றுகொண்டது. தங்கபுஷ்பம் கத்துகிறவள் இல்லை. மற்றவர்கள் வடிவைத் திட்டித் தீர்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள், இவள் திட்டாமல் வைத்திருந்தாள். தினமும் காலையில் அந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்ப்பாள், எதிர்ச் சாரியில் இருந்த வடிவின் வீட்டைப் பார்ப்பாள், பிறகு வேலையில் உட்காருவாள்.

அந்த வேலைக்கு அவளிடம் இருந்தது கனத்த ஒரு பழைய லேப்டாப். அவளுக்குக் கைவந்த எடிட்டிங் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும், புது லேப்டாப்பில் ஏற மறுத்தது. ஆனால் படங்கள் பெருத்துப் பெருத்து லேப்டாப்பின் வயிறு நிறைந்துவிட்டதால் வெளியில் மாட்டுகிற பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கினாள், சனி அங்கிருந்து பிடித்தது. பழைய யுஎஸ்பி ஓட்டைக்கு அந்த டிஸ்க்கைச் சுழற்றப் போதுமான கரண்ட் கொடுக்கத் தெம்பில்லை. மாட்டினால் டிஸ்க் சுழலப் பார்த்து, முடியாமல், சுவரில் பல்லி கத்துவதைப் போல டிக் டிக் என்று அடித்துவிட்டு அடங்கிப்போனது. இரண்டு ஓட்டையிலிருந்தும் கரண்ட் உறிஞ்சுகிற இரட்டைத் தலைக் கேபிள் வாங்கினாள். அடித்தது, அடங்கியது. லேப்டாப்பின் பக்கவாட்டில் அட்டை செருகுகிற நீளமான வாய் ஒன்று இருந்தது. அதில் எக்ஸ்பிரஸ் கார்டு என்ற அட்டையைச் செருகினால் புதுவகை யுஎஸ்பி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் சொல்லிச் சென்னையிலிருந்து வரவழைத்தாள். வாய் அகலம், அட்டை ஒல்லி. செருகினால் ஆடியது. தீப்பெட்டி அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தாள். டிரைவர் மென்பொருளைப் போட்டாள், மஞ்சள் முக்கோணம் வந்தது. அழித்துவிட்டுப் பழைய டிரைவரைப் போட்டாள், முக்கோணம் போய் ஒன்றுமே வரவில்லை. கரண்ட் மிச்சம் பிடிக்கிற செட்டிங்கை எல்லாம் அணைத்தாள், அணைத்துத் திறந்தாள், திறந்து அணைத்தாள். கடைசியில் அட்டையின் விளிம்பில் ஊசித்துளை ஒன்று இருப்பதைக் கண்டாள். லேப்டாப் கொடுக்கிற கரண்ட் போதாதபோது தனியாகக் கரண்ட் கொடுப்பதற்கான துளை அது. அதற்குப் பொருந்துகிற அடாப்டரை, எலக்ட்ரிக் கடை வைத்திருந்தவரும் தெருச் சங்கத்தின் தலைவருமான கோமதிநாயகம் இரவல் கொடுத்தார். மாட்டினாள். டிஸ்க் சுழன்றது. லேப்டாப் டிங் என்றது. திரையில் வந்தது டிஸ்க் இல்லை, தெரு.

டிஸ்க்கின் பெயர் வரவேண்டிய இடத்தில் கல்மண்டபத் தெருவின் வீடுகள் மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர், பெயருக்குக் கீழே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் ஒரு பட்டை. சில வீடுகளில் பட்டை நீலம், சில வீடுகளில் நிறைந்து சிவப்பு. தங்கபுஷ்பம் இதைப் பார்த்துவிட்டு முதலில் நினைத்தது, அப்படியானால் என் கல்யாண வீடியோக்களை எங்கே வைப்பது என்பதுதான்.

தெரு அதை ஒரு வாரத்துக்குள் பழகிக்கொண்டது. முதலில் பார்க்க வந்தவர்கள் தங்கள் வீடு இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது என்றதும் பக்கத்து வீட்டை விடப் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். வீட்டைத் திறக்க முடியவில்லை. கிளிக் செய்தால் அனுமதி இல்லை என்று வந்தது, அதில் எல்லோருக்கும் நிம்மதி, எல்லோருக்கும் வருத்தம். பெயரை மாற்ற முடிந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் வீட்டின் பெயருக்குப் பின்னால் தன் பட்டங்களைச் சேர்க்கச் சொன்னார், அதைக் கேள்விப்பட்டு மேல வீட்டுக்காரர் படிக்காத பட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். சிவப்புப் பட்டை வீட்டுக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள், மகள் போனால் இருக்க இடம் வேண்டாமா என்றார்கள். பட்டையை நீலமாக்குவதற்காகப் பரணில் கிடந்த அண்டாவையும் அறுந்த கட்டிலையும் பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர் வியாபாரிக்குப் போட்டார்கள். சண்டை வந்தால் இப்போது பட்டையைச் சொல்லித் திட்டிக்கொண்டார்கள். தீப்பெட்டி அட்டையின் முட்டு நழுவிக் கார்டு ஆடும்போதெல்லாம் தெருவில் மின்விசிறிகள் தயங்கின, பேசிக்கொண்டிருந்தவர்களுக்குப் பாதி வாக்கியத்தில் பேச்சு மறந்தது, உலையில் கொதித்துக்கொண்டிருந்த சோறு ஒரு கணம் கொதிக்காமல் நின்றது. ஆகவே அந்தக் கார்டில் யாரும் கை வைக்கக் கூடாது, லேப்டாப்பை அணைக்கவே கூடாது என்று சங்கத்தில் முடிவாகி, கோமதிநாயகம் கடையிலிருந்து பெரிய பேட்டரி ஒன்று வந்து இறங்கியது. வடிவின் வீடு கடைசியில் இருந்தது. பட்டை பாதிகூட நிறையாமல் வெளிர்நீலமாக இருந்தது, அதைப் பார்த்தும் எரிச்சல்பட்டார்கள்.

பாதுகாப்பாக அகற்று என்று ஒரு வரி இருப்பதைச் சுட்டிக்காட்டியது கோமதிநாயகம்தான். வீட்டின் மேல் மவுஸை வைத்து அதன் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் வருகிற வரிசையில், பெயர் மாற்று என்பதற்குக் கொஞ்சம் மேலே அது இருந்தது. அவர் அதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, இது எதுக்குத் தங்கபுஷ்பம் என்று கேட்டார், பென் டிரைவைக் கழற்றும்போது அவள் அதைத்தான் அழுத்துவாள் என்பது தெரிந்தும் கேட்டார். கடையில் இன்னும் சிலர் இருந்தார்கள். யாரும் எந்த வீட்டின் பெயரையும் சொல்லவில்லை. ஒருவர் பொதுவாக, பாதுகாப்பாகத்தான் அகற்றும்னு போட்டிருக்கே, ஒண்ணும் ஆகாது போல என்றார். இன்னொருவர் ஆமாம் என்றார்.

தங்கபுஷ்பம் ஷட்டரைப் பார்த்தாள். எதிரே வடிவின் வீட்டைப் பார்த்தாள். வடிவு கையில் ஒரு பையோடு வெளியே வந்து, நடையில் நின்ற ஆவுடையப்பனிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள். போகும்போது கடையில் கூடியிருந்தவர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வையில் பயமும் இல்லை, கெஞ்சலும் இல்லை, தங்கபுஷ்பத்தால் பொறுக்க முடியாதது அதுதான். யாரும் அவள் கையைப் பிடித்து அழுத்த வைக்கவில்லை. அவள் விரல்தான், அவள்தான் அழுத்தினாள்.

சத்தம் எதுவும் வரவில்லை. எதிர்ச் சாரியில் வடிவின் வீட்டுக்கு மேற்கே இருந்த வீடும் கிழக்கே இருந்த தகரக் கொட்டகையும் எப்போதும் அப்படித்தான் இருந்ததைப் போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன, நடுவில் ஒரு விரல் நுழையவும் இடமில்லை. கடையில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, வெயில் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். கோமதிநாயகம் கடைசியாகப் போனார். போகும்போது, இனி இது எதுக்கு என்று சொல்லி அட்டையின் துளையிலிருந்த அடாப்டரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வடிவு பிள்ளைக்கு ஓமத்தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். தெருமுனையிலிருந்து தன் வீட்டுக்கு நடந்தவள் கொட்டகை வரை போனாள், திரும்பி மேல வீடு வரை வந்தாள், மறுபடி கொட்டகை வரை போனாள். சுவரும் தகரமும் சேருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து நின்றாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. என்ன ஆயிற்று என்று அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை, தெருவுக்கு நடப்பதெல்லாம் அந்த லேப்டாப்பால் நடக்கிறது என்பது அவளுக்கும் தெரியும். அவள் கூச்சல் போடவில்லை. வீடு இருந்த இடத்துக்கு முன்னால் நடுத்தெருவில் உட்கார்ந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் வந்தது, போனது. ரவிக்கையின் முன்புறம் நனைந்து சேலையில் இறங்கியது. பைக்கில் வந்தவர்கள் அவளைச் சுற்றி வளைந்து போனார்கள்.

கடைக்குள் தங்கபுஷ்பம் ஒரு கல்யாணத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அப்போது டிஸ்க் டிக் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி டிக் என்றது, திரையில் மற்ற வீடுகள் ஆடாமல் நின்றன. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்: கரண்ட் போதவில்லை, டிஸ்க்கின் ஊசி தட்டைத் தேடிப் பிடிக்க முடியாமல் அடித்துக்கொள்கிறது, இப்படியே விட்டால் அடித்து அடித்துச் செத்துப்போகும். அவள் குனிந்து டிஸ்க்கில் காதை வைத்தாள். அடிக்கும் சத்தத்துக்கு நடுவே தொட்டில் கம்பி கிறீச்சிடுவது கேட்டது. அதற்கும் உள்ளே, பிள்ளை அழுது களைத்து, அழுகையை விட்டு விட்டு எடுப்பது கேட்டது. ஒரு ஆம்பளைக் குரல், ஆவுடையப்பனுடையது, அம்மா இந்தா வந்துட்டா, இந்தா வந்துட்டா என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் காதை எடுத்துக்கொண்டாள். காதை எடுத்த பிறகும் கேட்டது.

கோமதிநாயகத்திடம் போய் அடாப்டரைக் கேட்டாள். அவர் அது விற்றுப்போய்விட்டது என்றார். அகற்றிய வீட்டைத் திருப்பி எடுக்க வேண்டுமானால் டிஸ்க்கையும் கார்டையும் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, எல்லாவற்றையும் புதிதாக மாட்டித் திறக்க வேண்டும், வேறு வழியில்லை என்று அவள் சொன்னாள், அவர் சிரித்தார். அணைத்தால் எல்லா வீடும் போகும், எல்லா வீடும் திரும்பி வரும் என்று எழுதிக் கொடுப்பாயா என்று கேட்டார். அவளால் முடியாது. அவர் குரலை உயர்த்தவில்லை.

"அமுக்குனது நீதானே தங்கபுஷ்பம். நாங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே. உன் ஒருத்தி மனசு கேக்கலைன்னு தெருவையே பணயம் வைக்க முடியுமா? அந்தச் சுவிட்சுல கை வச்சேன்னா கையிருக்காது, பாத்துக்கோ."

அவர் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், அவள் கடைக்குத் திரும்பியபோது தெருவில் ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவள் நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தவளிடம் போனாள். பொக்லைன் வந்ததற்குப் பிறகு அவர்கள் பேசியதில்லை. அதற்கு முன்னால் வடிவு அவளை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

"எந்திரி," என்றாள் தங்கபுஷ்பம். "ஒரு கை வேணும். கார்டைப் பிடிக்கணும்."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். "நீதான் செஞ்சியா?"

"நான்தான்."

வடிவு எழுந்து அவள் முகத்தில் ஓங்கி அறைந்தாள். மூக்குத்தி கிழித்து ரத்தம் உதட்டுக்கு இறங்கியது. தங்கபுஷ்பம் முந்தானையால் துடைத்துக்கொண்டு கடைக்குள் போனாள், வடிவு பின்னாலேயே போனாள், இருவருமாக ஷட்டரை இழுத்தார்கள், அது ஒரு சாண் மேலேயே நின்றது. வெளியே செருப்புக் கால்கள் வந்து சேர்ந்தன. ஷட்டரைத் தட்டத் தொடங்கினார்கள். யாரோ மெயின் ஃப்யூஸைப் பிடுங்கினார்களோ என்னவோ, கடையில் விளக்கு அணைந்தது. பெரிய பேட்டரி மட்டும் உறுமிக்கொண்டு லேப்டாப்பைத் தாங்கியது.

அடாப்டர் இல்லாமல் ஆகாது என்று தங்கபுஷ்பம் சொன்னாள். கார்டின் துளையைக் காட்டி, இந்த அளவு ஊசி வேணும் என்றாள். வடிவு துளையைப் பார்த்துவிட்டுப் பையைக் கவிழ்த்தாள். ஓமத்தண்ணீர்ப் பாட்டில், சில்லறை, பொத்தான் வைத்த பழைய போன், அதன் தடித்த ஊசிச் சார்ஜர். தங்கபுஷ்பம் சார்ஜரின் முதுகில் பொடியாக அச்சடித்திருந்ததைத் திரை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். வோல்ட் கொஞ்சம் கூடுதல், ஆனால் தாங்கும், தாங்காவிட்டால் கருகும். சார்ஜரைப் பேட்டரியின் பிளக்கில் செருகினாள், ஊசி துளையில் இறுக்கமாகப் போனது. டிஸ்க் அடிப்பதை நிறுத்தி, மூச்சு வாங்கியதைப் போல ஒருமுறை சுற்றி, நிலைக்கு வந்தது. இதுவரை சரி, ஆனால் திரையில் வடிவின் வீடு வரவில்லை. மஞ்சள் முக்கோணம் வந்தது. கார்டைக் கழற்றாமல், அணைக்காமல், என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்து பார்த்தாள், வெளியே ஷட்டரில் இப்போது கம்பியால் குத்தினார்கள்.

"அணைக்கப் போறேன்," என்றாள். "எதுவும் திரும்பாமலும் போகலாம். உன் வீடும்தான்."

"அணை," என்றாள் வடிவு.

அணைத்தாள்.

கம்பி குத்துவது பாதியில் நின்றது. கோமதிநாயகத்தின் குரல் ஒரு வார்த்தையின் நடுவில் நின்றது. ஷட்டருக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் கால்கள் இல்லை. வெயில் இருந்தது, வெயிலில் காய்ந்த புல் இருந்தது. இருவரும் தரையில் குனிந்து பார்த்தார்கள்: மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்த வெறும் பொட்டல், நடுவே எந்தக் கல்லும் மறிக்காமல் தெளிந்த தண்ணீர் ஓடை ஒன்று, அதன் கரையில் தலையைத் தாழ்த்திக் குடித்துக்கொண்டிருந்த ஒரு எருமை. அவ்வளவு அமைதியை இருவரும் அந்தத் தெருவில் கேட்டதில்லை.

வடிவு தன் வீடு இருந்த தாழ்ந்த முனையைப் பார்த்தாள். பிறகு, "என் வீட்டை மட்டும் கொண்டு வர முடியாதா?" என்று கேட்டாள்.

தங்கபுஷ்பமும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் நினைப்பில் அந்த ஒரு வீடும் இல்லை. கோமதிநாயகமும் வாத்தியாரும் பட்டையும் பட்டமும் இல்லாத அந்தப் பொட்டலில் தன் கடையை மட்டும் வைத்துப் பார்த்தாள், வடிவின் வீட்டையும் வைக்காமல் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. சேலை நனைந்து நின்றவளிடம் அதைச் சொல்ல முடியாது.

"முடியாது," என்றாள். "வந்தா எல்லாம் வரும். கார்டைப் பிடி. ஆடக் கூடாது."

வடிவு இரண்டு கையாலும் கார்டைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம் லேப்டாப்பைத் திறந்தாள். அது எப்போதும் போல மெதுவாகத்தான் திறந்தது, பழைய லேப்டாப்புக்கு வெளியே என்ன போய்விட்டது என்று என்ன தெரியும். கடைசியில் டிங் என்றது. மேற்கிலிருந்து முதல் வீடு வந்தது. ஒவ்வொரு டிங்குக்கும் வெளியே ஒரு பாத்திரம் உருண்டது, ஒரு டிவி பாடியது, ஒரு குக்கர் விசிலடித்தது. வீடுகள் வந்துகொண்டே இருந்தன, கார்டு சூடேறி வடிவின் விரல்நுனிகள் பொரிந்தன, அவள் பல்லைக் கடித்தாளே தவிர கையை எடுக்கவில்லை. ஷட்டருக்குக் கீழே கால்கள் முளைத்தன. கம்பி விட்ட இடத்திலிருந்து குத்தியது, கோமதிநாயகம் விட்ட வார்த்தையின் மீதியைச் சொல்லி முடித்தார். எல்லா வீடும் வந்த பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. சார்ஜரிலிருந்து கருகல் வாடை வந்தது. பிறகு ஒரு டிங் கேட்டது. அதன் கூடவே, ஷட்டருக்கு வெளியே, தெருவுக்கு எதிர்ச் சாரியிலிருந்து பிள்ளையின் அழுகுரல், தெருவையே தூக்குகிற மாதிரி, பலமாக, கோபமாக.

வடிவு ஷட்டரின் ஒரு சாணில் உருண்டு வெளியேறிக் கால்களுக்கு நடுவே ஓடினாள்.

வீடு வந்திருந்தது, திரும்பி வந்திருந்தது. அதன் முதுகு தெருவைப் பார்த்திருந்தது; வாசலும் நடையும் பின்னால் இருந்த வயலைப் பார்த்திருந்தன. தெருக்காரர்கள் பார்த்தது ஒரு மொட்டைச் சுவரும், ஒரு சமையலறை ஜன்னலும், சுவரின் அடியில் துருத்திக்கொண்டிருந்த கழிவுக் குழாயும்தான். வடிவு சுவரைச் சுற்றிக்கொண்டு வயல் பக்கமாக ஓடி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

கோமதிநாயகம் அதைச் சங்கத்தில் பேசினார். வீட்டை நேராகத் திருப்பி வைக்கத் தங்கபுஷ்பத்தால் முடியுமா என்று கேட்டார்கள், மறுபடி அணைத்துத் திறந்தால் யார் வீடு எந்தப் பக்கம் பார்த்து வரும் என்று தெரியாது என்று அவள் சொன்னாள், அதோடு விட்டுவிட்டார்கள். வடிவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் ஆவுடையப்பனும் தெருவுக்குள் வருவதை நிறுத்தி வயல் வழியாகவே போய் வந்தார்கள். பால் ஊற்ற அந்தப் பக்கத்திலிருந்து வேறொருவர் வந்தார். அவர்கள் வீட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் அந்தக் குழாய் வழியாகத் தெருவில் விழுந்து, நிலம் அங்கே தாழ்ந்து கிடந்தும் எப்படியோ மேட்டைப் பார்த்து ஏறி, ஒவ்வொரு வீட்டு முன்னாலும் கொஞ்சம் தேங்கி, கோமதிநாயகம் வீட்டு முன்னால் கூடுதலாகத் தேங்கி நின்றது. தண்ணீர் மேலே ஏறுகிறதே என்று யாரும் புகார் கொடுக்கவில்லை. கல் வைத்து மூடிப் பார்த்தார்கள், கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தது.

சமையலறை ஜன்னல் தங்கபுஷ்பத்தின் மேசைக்கு நேர் எதிரே இருந்தது. பகலெல்லாம் வடிவு அங்கே நின்று காய் நறுக்கினாள், தாளித்தாள், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு கையால் கிண்டினாள். விரல்நுனிகள் ஆறித் தழும்பாகும் வரை கரண்டியை ஒரு மாதிரி பிடித்தாள். ஒருமுறைகூட அவள் இந்தப் பக்கம் பேசவில்லை, சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. நிமிரும்போதெல்லாம் நேராகப் பார்த்தாள், அவ்வளவுதான். ஜன்னலுக்குக் கதவு இருந்தது. அவள் அதை மூடவில்லை. மேசையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமே என்று கடைக்கு வந்த ஒருவர் தங்கபுஷ்பத்திடம் சொன்னார், வெயில் கண்ணில் அடிப்பதால் அவள் முகத்தைச் சுளிக்கிறாள் என்று நினைத்து. அவள் வேண்டாம் என்றாள்.